தடித்த சுவர்களும் ஒரு மெல்லிய கம்பியும்

வங்கியிலிருந்து ஓடிபி எனும் ஒருமுறைக் கடவுச்சொல் வரவேண்டுமென்றால், அலைபேசியை ஏந்திக்கொண்டு வாசலுக்கு நடப்பவர்கள் நம் வாடிக்கையாளர்களிடையே இன்னும் பலர் உள்ளனர். வடகொல்கத்தாவின் பழைய செங்கல் மாளிகைகள், புனேயின் வாடாக்கள், கோவாவின் செம்பூராங்கல் இல்லங்கள், ஷேகாவதியின் ஹவேலிகள், செட்டிநாட்டுக் கட்டுவீடுகள் என எங்கெல்லாம் சுவர்கள் தடித்திருக்கின்றனவோ அங்கெல்லாம் இதைக் காணலாம். உள்ளறையில் அமர்ந்து பணம் அனுப்பத் தொடங்குவார்கள்; எண் வரவேண்டிய நேரத்தில் திண்ணைக்கு விரைவார்கள்; அதைப் படித்து மனத்தில் இருத்திக்கொண்டு உள்ளே திரும்புவதற்குள் காலக்கெடு முடிந்திருக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் வேறொரு வழியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அலைபேசியைத் தெருவோரச் சன்னலிலேயே வைத்துவிட்டு, அங்கே விளையாடும் பிள்ளையையோ எதிர்க்கடைப் பையனையோ எண்ணைப் படித்துச் சொல்லும்படி கேட்கிறார்கள். எவரிடமும் பகிரவேண்டாம் என்று ஒவ்வொரு குறுஞ்செய்தியிலும் நாம் வேண்டிக்கொள்ளும் அந்த எண், சுவரின் தடிமன் காரணமாகத் தெருவில் உரக்கப் படிக்கப்படுகிறது.

வீட்டு வைஃபையைப் பற்றி வங்கி இதழ் ஒன்றில் எழுதுவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை. எனினும் இன்னும் இரண்டைச் சொல்லலாம். காணொளி வழியே வாடிக்கையாளரை அடையாளம் காணும் முறைக்கு ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் அனுமதி அளித்தது. இடையில் தொடர்பு அறுந்தால் அந்த உரையாடலை முதலிலிருந்து தொடங்கவேண்டும். ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் அளிக்கும் வாழ்வுச் சான்றிதழையும் 2014 முதல் ஜீவன் பிரமாண் வழியாகவும், 2021 முதல் முகத்தை அலைபேசியின் கேமராவில் காட்டியும் வீட்டிலிருந்தே அளிக்க முடிகிறது. படுக்கையை விட்டு எழ இயலாதவருக்கு இது பெரும் வசதி. ஆனால் படுக்கை கிடப்பது பெரும்பாலும் வீட்டின் உட்பகுதியில். ரூட்டர் இருப்பதோ வாசலுக்கு அருகில். எந்த அறைக்காக இந்த வசதி உருவாக்கப்பட்டதோ, அந்த அறைக்கே அது சென்றடைவதில்லை.

இப்படி ஆகும்போது பழி வீட்டின்மீது விழுகிறது. ‘இந்தக் காலத்துக்கு ஏற்ற வீடு இல்லை’ என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். வீட்டை விற்பது குறித்த பேச்சில்கூட இது ஒரு காரணமாக எண்ணப்படுவதைக் கேட்டிருக்கிறோம். அவ்வளவு தூரம் போகாதவர்கள் கடைக்குப் போகிறார்கள். எட்டு ஆன்டெனாக்கள் நீட்டிக்கொண்டிருக்கும் விலையுயர்ந்த ரூட்டர் ஒன்றை, பெரும்பாலும் தவணைமுறையில், வாங்கி வருகிறார்கள். இரண்டுமே தேவையற்றவை என்பது நம் கருத்து. தடித்த சுவரை அலையால் வெல்ல முயல்வதைவிட, ஒரு கம்பியால் அதைக் கடந்து, மனிதர்கள் இருக்கும் அறையிலேயே அலையைத் தொடங்கிவைப்பது மலிவானது, நீடித்தது, வீட்டுக்கும் தீங்கில்லாதது. ஏன் என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

வானலைகள் சுவரைக் கடக்கும் என்பதை உலகுக்கு முதலில் காட்டியவர்களுள் ஒருவர் நம் நாட்டவர். 1895-ஆம் ஆண்டு கொல்கத்தா டவுன் ஹாலில் ஜகதீச சந்திர போஸ், கண்ணுக்குப் புலப்படாத அலைகளைச் சுவர்களுக்கு அப்பால் செலுத்தி, அங்கே ஒரு மணியை ஒலிக்கச் செய்தும் வெடிமருந்தைப் பற்றவைத்தும் காட்டினார். அந்தக் கட்டடமும் மெலிந்த சுவர்களைக் கொண்டதன்று. அன்று முடிந்தது இன்று ஏன் முடியவில்லை என்று கேட்கலாம். மணியை ஒலிக்கச் செய்வதற்கு, அலையில் ஒரு துளி மறுபக்கம் வந்துசேர்ந்தால் போதும். காணொளி அழைப்புக்கோ ஒவ்வொரு நொடியும் பல இலட்சக்கணக்கான குறிகள் பிழையின்றி வந்துகொண்டே இருக்கவேண்டும். சுவரைக் கடப்பது ஒன்று. சுமையோடு கடப்பது வேறு.

அலை இழக்கும் வலிமையை டெசிபெல் என்னும் அளவால் கூறுவர். பத்து டெசிபெல் இழந்தால் எஞ்சுவது பத்தில் ஒரு பங்கு. இருபது இழந்தால் நூற்றில் ஒரு பங்கு. முப்பது என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. இன்றைய அடுக்குமாடி வீடுகளில் அறைகளைப் பிரிக்கும் 4 அல்லது 5 அங்குலத் தடுப்புச் சுவர்கள் அலையைச் சிறிதளவே குறைக்கின்றன. பழைய வீட்டில் 15 அங்குலமும் 20 அங்குலமும் கொண்ட சுவர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்கும் அலை, மூன்றாவது அறையை அடையும்போது ஆயிரத்தில் ஒரு பங்காகக்கூட மிஞ்சாமல் போவது வியப்பன்று. அலை சுவரை நேராகச் சந்திக்காமல் சாய்வாகச் சந்தித்தால், பெரும்பகுதி சுவரின் முகத்திலேயே தெறித்துத் திரும்பிவிடும்.

அப்படியானால் இன்னும் வலிமையான ரூட்டர் இதற்கு விடையாகாதா? ஆகாது. இதைத்தான் விற்பனையாளர்கள் சொல்வதில்லை. இணையம் என்பது வானொலியைப் போல ஒருவர் பேசி மற்றவர் கேட்பதன்று. இரு தரப்பும் மாறி மாறிப் பேசும் உரையாடல். ரூட்டர் ஒலிபெருக்கி வைத்துப் பேசினாலும், பதில் சொல்லவேண்டிய அலைபேசியின் குரல் பழைய குரலே. சிறிய மின்கலத்தில் இயங்கும் அந்தக் கருவியால் அதற்குமேல் உரக்கப் பேச இயலாது. திரையில் கோடுகள் நிறைந்திருந்தும் பக்கம் திறக்காமல் சுழன்றுகொண்டிருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ரூட்டர் சொல்வது அலைபேசிக்குக் கேட்கிறது. அலைபேசி சொல்வது ரூட்டருக்குக் கேட்கவில்லை.

இதில் இன்னொரு தீமையும் உண்டு. சிக்னல் மெலிந்த இடத்திலுள்ள கருவி, பிழை நேராமல் இருப்பதற்காக மிக மெதுவாகப் பேசுகிறது. ஓர் அலைவரிசையில் ஒரு நேரத்தில் பெரும்பாலும் ஒருவரே பேச முடியும் என்பதால், அது பேசி முடிக்கும்வரை மற்றவை காத்திருக்கவேண்டும். கடைசி அறையில் பாட்டி பார்க்கும் காணொளி, கூடத்தில் ரூட்டருக்குப் பக்கத்திலேயே அமர்ந்து தேர்வு எழுதும் பேரனையும் தாமதப்படுத்துகிறது. வேகமான இணைப்புக்கு மாதாமாதம் கூடுதல் கட்டணம் செலுத்தினாலும் நிலைமை மாறாமல் இருப்பதற்கு இதுவே விளக்கம். வீட்டு வாசல் வரை வரும் வேகத்துக்குத்தான் நாம் விலை கொடுக்கிறோம். வாசலுக்கு உள்ளே நிகழ்வது நம் பொறுப்பு.

சுவரைக் குற்றவாளியாக்குவதற்கு முன் வீட்டிலுள்ள மற்றவற்றையும் பார்க்கவேண்டும். இரும்புப் பீரோ, ஆள் உயர நிலைக்கண்ணாடி, குளிர்பதனப் பெட்டி, மீன் தொட்டி ஆகியவை அலைக்கு மோசமான தடைகள். உலோகம் அலையைத் திருப்பி அனுப்புகிறது. நீர் அதை விழுங்குகிறது. ரூட்டரைத் தொலைக்காட்சிக்குப் பின்னால் மறைத்து வைப்பதும், அழகுக்காக அலமாரிக்குள் பூட்டி வைப்பதும் பல வீடுகளில் வழக்கம். சிக்னல் சுவரை எட்டும் முன்பே அதில் ஒரு பகுதியை இங்கேயே இழந்துவிடுகிறோம். ரூட்டரைத் தலைக்குமேல் உயரத்தில், திறந்த இடத்தில் வைப்பதற்குச் செலவு ஏதுமில்லை. ஆகவே அதை முதலில் செய்து பார்ப்பது நல்லது.

இனி பழைய வீட்டின் பக்கம் வருவோம். அந்த வீடுகளைக் கட்டியவர்கள் சுவரைத் தடிமனாக எழுப்பியது போலவே, காற்றும் வெளிச்சமும் வருவதற்கான வழிகளையும் தாராளமாக வைத்தார்கள். நடுவில் வானம் பார்த்த முற்றம். அதைச் சுற்றிலும் தாழ்வாரம். தாழ்வாரத்தை நோக்கித் திறக்கும் அறைக்கதவுகள். கதவுகளுக்கு மேலே காற்றுப்போக்கிகள். வாசற்படியில் நின்றால் கொல்லைக் கதவு வரை நேர்கோட்டில் தெரியும்படி நிலைகளை அமைத்த வீடுகளும் பல. காற்றுக்காக விடப்பட்ட இந்த வழிகள் அனைத்தும் அலைக்கும் வழிகளே. செங்கல்லை ஊடுருவுவதைவிடத் திறந்த கதவின் வழியே வளைந்தும் தெறித்தும் செல்வது அலைக்கு எளிது. கூடத்தின் மூலையில் வைத்த ரூட்டரை, முற்றத்தை நோக்கிய தாழ்வாரத் தூணிலோ உத்தரத்திலோ மழைச்சாரல் படாதபடி பொருத்தினால், சுற்றியுள்ள அறைகள் பலவற்றை அது ஒரே நேரத்தில் ‘பார்க்கும்’. கேரளத்து நாலுகெட்டுக்கும், சௌக் வைத்துக் கட்டிய புனே வாடாவுக்கும் இது ஒருசேரப் பொருந்தும். ஆயிரம் கொடுத்தாலும் கிடைக்காத இடம் பழைய வீட்டில் இலவசமாகவே இருக்கிறது. புதிய அடுக்குமாடி வீட்டுக்கு இந்த வாய்ப்பு இல்லை.

அப்படியிருந்தும் ரூட்டர் ஏன் வாசல் மூலையில் இருக்கிறது? இணைப்புக் கொடுக்க வந்த பணியாளர் அன்று இன்னும் ஆறு வீடுகளுக்குப் போகவேண்டியிருந்தது. தெருவிலிருந்து கம்பியை உள்ளே நுழைத்த சன்னலுக்குப் பக்கத்திலேயே கருவியைப் பொருத்திவிட்டுச் சென்றார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. எங்கே வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லவில்லை. இன்று பெரும்பாலான இணைப்புகள் ஃபைபர் வழியே வருகின்றன. தலைமுடியளவே பருமனுள்ள கண்ணாடி இழையில் ஒளியாக வரும் செய்திக்கு, வீட்டுக்குள் இன்னும் 20 மீட்டர் பயணம் செய்வது ஒரு பொருட்டே அல்ல. கூர்மையாக மடிக்காமல் கொண்டுசெல்லவேண்டும், அவ்வளவே. எனவே புதிதாக இணைப்புப் பெறுவோர், பணியாளர் வருவதற்கு முந்தைய நாளே வீட்டின் நடுப்பகுதியில் ஓரிடத்தைத் தெரிவுசெய்து, அங்கே ஒரு மின்செருகியும் இருக்கும்படி செய்துகொள்ளவேண்டும். ஏற்கெனவே இணைப்பு உள்ளவர்கள் இடமாற்றம் கேட்கலாம். கூடுதல் இழைக்குக் கட்டணம் கேட்கப்படலாம். அது புதிய ரூட்டரின் விலையைவிடப் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

இடத்தைச் சரிசெய்த பின், அலைவரிசையையும் ஒருமுறை கவனிக்கவேண்டும். வீட்டு ரூட்டர்கள் பொதுவாக 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரு அலைவரிசைகளில் இயங்குகின்றன. முதலாவது மெதுவானது, ஆனால் சுவரைக் கடப்பதில் சற்றுத் திறமையானது. இரண்டாவது வேகமானது, சுவரைக் கண்டால் விரைவில் சோர்ந்துவிடுவது. வீட்டு இணைப்பின் பெயருக்குப் பின்னால் ‘5ஜி’ என்று எழுதியிருப்பதைக் கண்டு, அது ஐந்தாம் தலைமுறை அலைபேசிச் சேவை என்று நம்பி, எல்லாக் கருவிகளையும் அதிலேயே இணைத்துவைத்திருக்கும் குடும்பங்கள் உள்ளன. இரண்டுக்கும் தொடர்பில்லை, அங்கே அது 5 கிகாஹெர்ட்ஸ் என்பதன் சுருக்கம். தொலைவிலுள்ள அறையில் 2.4-க்கு மாறிப் பாருங்கள். வங்கிச் செயலிக்கும் குறுஞ்செய்திக்கும் அதன் வேகம் தாராளம். அக்கம்பக்கத்து ரூட்டர்கள் மிகுந்த தெருவாயின், 1, 6, 11 ஆகிய எண்களைக் கொண்ட தடங்களுள் நெரிசல் குறைந்த ஒன்றைத் தெரிவுசெய்வதும் பயன்தரும்.

இவற்றுக்குப் பின்னும் எட்டாத அறைகள் இருக்கும். இந்தக் கட்டத்தில்தான் ‘ரிப்பீட்டர்’, ‘மெஷ்’ என்னும் சொற்கள் வீட்டுக்குள் வருகின்றன. பெரும்பாலும் பெங்களூரிலிருந்தோ கடல் கடந்தோ மகனோ மகளோ அனுப்பிவைக்கும் பரிசாக வருகின்றன. மூன்று வெண்ணிறக் கருவிகள் அழகிய பெட்டியில் வந்திறங்குகின்றன. பெற்றோர் ஒன்றைக் கூடத்திலும், மற்ற இரண்டைச் சிக்னல் கிடைக்காத அறைகளிலும் வைக்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றினாலும் பழைய வீட்டில் இது பலிப்பதில்லை. அந்தக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதும் அலை வழியேதான். அலைபேசியைத் தடுத்த சுவர் அவற்றையும் தடுக்கும். சிக்னல் இல்லாத இடத்தில் வைத்த ரிப்பீட்டர், தனக்கே கேட்காத செய்தியை எப்படித் திருப்பிச் சொல்லும்? சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில், அடுத்த அறையை நோக்கிய கதவுக்கு நேராக அதை வைக்கவேண்டும். அப்படியும், வாங்கிய ஒவ்வொரு சொல்லையும் அதே அலைவரிசையில் மறுபடி சொல்லவேண்டியிருக்கும் எளிய ரிப்பீட்டர்களில் வேகம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். இக்கருவிகளைப் பயனற்றவை என்று நாம் சொல்லவில்லை. மெஷ் கருவிகளின் பின்புறத்தில் கம்பி செருகும் துளை ஒன்று உண்டு; அந்தத் துளையைப் பயன்படுத்தும்போதுதான் அவை கொடுத்த விலைக்கு உழைக்கின்றன.

ஆக, எந்த வழியில் நடந்தாலும் கம்பிக்கே வந்துசேர்கிறோம். இதில் பழைய வீட்டுக்கு முரணானது எதுவுமில்லை. மின்சாரம் வந்தபோது மரச்சட்டங்களின்மேல் கம்பி ஓடியது. தொலைபேசி வந்தபோது வாசல் நிலைக்குப் பக்கத்தில் ஒரு துளை இட்டார்கள். 1982-ல் ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி வண்ணத் தொலைக்காட்சி அறிமுகமானதைத் தொடர்ந்து, மாடி ஆன்டெனாவிலிருந்து கூடம் வரை ஒரு கம்பி இறங்கியது. வந்த ஒவ்வொன்றையும் அந்த வீடுகள் ஒரு துளையும் ஒரு கம்பியும் கொடுத்து ஏற்றுக்கொண்டன. துளையே இல்லாமல் எல்லாம் நடக்கவேண்டும் என்று கேட்கும் முதல் தலைமுறை நாம்தான். அந்தப் பழைய துளைகள் இன்னும் அங்கேயே இருக்கின்றன. பல வீடுகளில், பயனற்றுப்போன தொலைபேசிக் கம்பியும் ஆன்டெனாக் கம்பியும்கூட அவற்றுக்குள் கிடக்கின்றன. சுவரில் புதிதாக ஓட்டையிடும் முன் அவற்றைத் தேடிப்பாருங்கள். அதன் பிறகு காற்றுப்போக்கிகளைப் பாருங்கள். தாழ்வாரத்து உத்தரத்தின் மேல்விளிம்பில் ஓட்டி, காற்றுப்போக்கி வழியே அறைக்குள் இறக்கிய கம்பி, சுட்டிக்காட்டினாலன்றி எவர் கண்ணிலும் படாது.

அப்படியும் துளையிட்டே ஆகவேண்டுமென்றால், பொறுமையுள்ள ஒருவரைக் கொண்டு செய்வியுங்கள். சுண்ணாம்புக் காரை அதிர்வைத் தாங்காது. சுத்தியடி வேகத்தில் இயங்கும் துளைப்பானை வைத்தால் ஒரு சாண் அளவுக்குப் பூச்சு பெயர்ந்து விழும். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் கலந்து கண்ணாடிபோல் மெருகேற்றிய செட்டிநாட்டுப் பூச்சை மறுபடி அதேபோல் பூசத் தெரிந்த கைகள் இன்று அரிது. அத்தகைய சுவரைத் தொடாமல் விடுவதே நன்று. வெளிச்சுவர் என்றால், மழைநீர் உள்ளே வராதபடி துளை வெளிப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கவேண்டும்.

கம்பியைப் பற்றிச் சில சொற்கள். கேட்-6 என்று கேட்டால் கடையில் தருவார்கள். ஒரு மீட்டர் சில பத்து ரூபாய். 100 மீட்டர் வரை இழுத்தாலும் நொடிக்கு ஒரு கிகாபிட் வேகத்தைக் குறைவின்றிக் கொண்டுசெல்லும். எந்த வீட்டுக்கும் அது போதும். முழுச் செம்பாலான கம்பியைக் கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின்மேல் செம்பு பூசியது மலிவாகக் கிடைக்கும், ஆனால் எளிதில் முறியும். மின்கம்பிகள் ஓடும் அதே குழாய்க்குள் இதை நுழைக்கக்கூடாது. இடம் மிச்சம் என்று மின்பணியாளர் சொன்னாலும் மறுத்துவிடுங்கள், உயிருக்கு ஆபத்து. வெயில் படும் இடத்தில் வெளிப்புறப் பயன்பாட்டுக்கென்றே செய்த கம்பி வேண்டும். கொல்லையில் தனியாக நிற்கும் வேறொரு கட்டடத்துக்கு இணைப்புக் கொண்டுசெல்வதாயின் செம்பைவிட ஃபைபரே மேல். இடிமின்னல் காலத்தில் செம்புக் கம்பி அதன் அதிர்ச்சியையும் சுமந்து வரும்.

கம்பியின் மறுமுனையில் ஆக்சஸ் பாயிண்ட் எனப்படும் சிறு கருவியைப் பொருத்தவேண்டும். அறைக்கு ஒன்று என்று வைக்கவேண்டியதில்லை. தடித்த சுவர்களால் பிரிந்த ஒவ்வொரு கட்டுக்கும் ஒன்று போதும். கூடத்தில் இருப்பதற்கு வைத்த அதே பெயரையும் கடவுச்சொல்லையும் இதற்கும் வைத்தால், வீட்டுக்குள் நடக்கும்போது பெரும்பாலான அலைபேசிகள் தாமாகவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிக்கொள்ளும். பரணில் கிடக்கும் பழைய ரூட்டரைக்கூட இந்த வேலைக்கு அமர்த்தலாம். கருவிகளுக்கு முகவரி வழங்கும் அதன் வேலையை மட்டும் நிறுத்திவைக்கவேண்டும், ஒரு வீட்டில் இருவர் முகவரி வழங்கினால் குழப்பம் நேரும். பழைய வீட்டுக்கு மிகவும் ஏற்ற வகை ஒன்றும் உண்டு: கேட்-6 கம்பியின் வழியாகவே மின்சாரத்தையும் பெற்றுக்கொள்ளும் கருவி. ஓர் அறைக்கு ஒரே மின்செருகி, அதிலும் ஏற்கெனவே மூன்று கருவிகள் தொங்கும் வீடுகளில் இதன் அருமை புரியும்.

மின்கம்பிகளின் வழியாகவே இணையத்தை அனுப்பும் பவர்லைன் கருவிகளைச் சிலர் பரிந்துரைப்பர். பல காலங்களில் பலர் கைவைத்த பழைய மின்னிணைப்புகளில் அவற்றை நம்பிப் பணம் போடவேண்டாம் என்போம். வாடகை வீட்டில் இருப்போர், துளையிடாமல் சுவரோரம் ஒட்டிச் செல்லும் பிளாஸ்டிக் பட்டைக்குள் கம்பியை ஓட்டலாம். வீட்டை மாற்றும்போது கருவியையும் கம்பியையும் உடன் எடுத்துச்செல்ல முடியும்.

தொடக்கத்தில் பேசிய ஓடிபிக்கு வருவோம். அது வீட்டு வைஃபையில் வருவதன்று, அலைபேசிக் கோபுரத்திலிருந்து வருவது. ஆகவே வைஃபையைச் சீர்செய்து என்ன பயன் என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. விடை, வைஃபை வழி அழைப்பு என்னும் வசதியில் உள்ளது. ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இந்தியாவில் இதை அறிமுகப்படுத்தின. அலைபேசியின் அமைப்புகளில் இதை இயக்கிவிட்டால், கோபுரத்தின் சிக்னல் எட்டாத அறையிலும் அழைப்புகள் வீட்டு இணையத்தின் வழியே வந்துசேரும். குறுஞ்செய்திகளும் பல இணைப்புகளில் இவ்வாறே வருகின்றன. இதற்குத் தனிக் கட்டணமில்லை. அலைபேசியும் சேவை நிறுவனமும் இவ்வசதியை ஆதரிக்கவேண்டும். நம் இணைப்பில் குறுஞ்செய்தி வருகிறதா என்பதை அறிய, சிக்னலே எட்டாத அறையில் அமர்ந்துகொண்டு வேறொருவரை ஒரு செய்தி அனுப்பச்சொல்லிப் பார்த்தால் போதும். தடித்த சுவருக்குள் வாழும் மூத்தவர்களுக்கு நாம் சொல்லக்கூடிய மிகப் பயனுள்ள செய்தி இதுவே. இதை அறிந்தவர்கள் இன்னும் குறைவாக இருப்பது நமக்கு வருத்தம்.

இதற்கு மாறாக, இணையக் கடைகளில் கிடைக்கும் அலைபேசி சிக்னல் ‘பூஸ்டர்’களை நாடுவோர் உண்டு. அரசின் அனுமதியின்றி இவற்றை வாங்குவதும் வைத்திருப்பதும் நிறுவுவதும் சட்டவிரோதம் என்று தொலைத்தொடர்புத் துறை பலமுறை எச்சரித்துள்ளது. காரணமும் வலுவானது: ஒரு வீட்டில் சிக்னலைப் பெருக்கும் இக்கருவி, அந்த வட்டாரத்துக் கோபுரத்துக்கே இரைச்சலை அனுப்பித் தெருவிலுள்ள அனைவரின் அழைப்புகளையும் கெடுக்கக்கூடும். மேலே சொன்ன வைஃபை ரிப்பீட்டர் வேறு, இது வேறு. பெயர்க் குழப்பத்தால் தவறானதை வாங்கிவிட வேண்டாம்.

வீட்டுக்குள் நல்ல வைஃபை வந்தபின், பக்கத்து வீட்டின் இணைப்பைக் கடன் வாங்கி வங்கிச் செயலியைத் திறக்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். புதிய ஆக்சஸ் பாயிண்ட் எதுவாயினும், அதன் நிர்வாகப் பக்கத்துக்கென்று தயாரிப்பாளர் வைத்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றவேண்டும். ரூட்டருக்கென்று சிறிய யுபிஎஸ் கருவிகள் கிடைக்கின்றன. வைஃபை வழி அழைப்பையே நம்பியிருக்கும் வீட்டில் மின்வெட்டின்போது தொலைபேசியும் சேர்ந்து நின்றுபோகாமலிருக்க அது அவசியம்.

எல்லாம் முடிந்ததும் அளந்து பார்க்கவேண்டும். ஆண்ட்ராய்டு அலைபேசிகளில் சிக்னலை எண்ணாகக் காட்டும் இலவசச் செயலிகள் உள்ளன. எண்கள் மைனஸ் குறியோடு வரும். பூச்சியத்துக்கு எவ்வளவு அருகில் உள்ளதோ அவ்வளவு நல்லது. மைனஸ் 60 நன்று. காணொளி அழைப்புக்கு மைனஸ் 67 வரை போதும். மைனஸ் 80-ஐத் தாண்டினால் தொடர்பு தடுமாறும். அறை அறையாக நடந்து, கட்டிலின் தலைமாட்டிலும், பூசையறையிலும், அடுக்களையிலும் கிடைக்கும் எண்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கதவைத் திறந்துவைத்து ஒருமுறை, சாத்திவைத்து ஒருமுறை அளப்பது நல்லது. பழைய தேக்குக் கதவுகளும் ஓரளவு வாங்கிக்கொள்ளும். கோடையில் அளந்தவர்கள் மழைக்காலத்தில் மறுபடி அளக்கவேண்டும். சுண்ணாம்புச் சுவரும் செம்பூராங்கல்லும் நீரை உறிஞ்சிவைப்பவை. ஏப்ரலில் கிடைத்த சிக்னல் அதே இடத்தில் மழை நாளில் கிடைக்காமல் போகலாம். ஓய்வூதியர்கள் வாழ்வுச் சான்றிதழ் அளிக்கும் நவம்பர் மாதம், தென்னகத்தின் பல பகுதிகளில் சுவர்கள் நனைந்திருக்கும் மாதமாகவும் இருக்கிறது. ஆகவே அக்டோபரிலேயே ஒருமுறை அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்துவிடுங்கள்.